ஓடவில்லை என்று சொன்ன வண்டி

பாப்பனங்கோட்டில் குடிநீர்க் குழாய் போடத் தெருவைத் தோண்டிக்கொண்டு வந்த ஆட்கள், எலிசாளின் வீட்டு மதிலருகே வந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மதிலை ஒட்டி ஒரு கார் நின்றது. ஒரு வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில் நின்று நான்கு டயரும் தரையோடு அமுங்கியிருந்தன. மேலே மூடிய தார்ப்பாய் நைந்து, கிழிசல் வழியே பலா இலைகள் விழுந்து மட்கிக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் வண்டியை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்றார் சூப்பர்வைசர்.

எலிசாளுக்கு நாற்பத்தாறு வயது. பழவங்காடியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கார் அவளுடைய கணவர் சத்தியதாஸுடையது. அவர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. அப்படியொரு லீவில்தான் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினார். இத்தாலிக் கம்பெனி, டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டதால் மலிவாகக் கிடைத்தது. போன லீவில் பொன்முடி மலை ஏறும்போது பின்னால் நீலப் புகை தள்ளி இழுவை செத்துப்போயிற்று. கட்டி இழுத்துக்கொண்டு வந்து மதிலோரம் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார்.

குழி தோண்ட வந்த ஆட்களில் நான்கு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. எலிசாள் மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை என்பதால் அவர் பதறிப்போய் எடுத்தார்.

"என்ன எலிசா? சுமிக்கு வல்லதும் ஆச்சா?"

"மகளுக்கு ஒண்ணும் இல்ல. பெங்களூருல சுகமா இருக்கா. வண்டிய எடுக்கச் சொல்லுகாங்க. ஹேண்ட் பிரேக் தாந்துதான் கிடக்கு, ஆனாலும் சக்கரம் உருளமாட்டேங்கு."

"துரு பிடிச்சிருக்கும். பின் சக்கரத்துக்க உள்பக்கம் பாரு, ஒரு கேபிள் வரும்லா? அது போய் சேருத இடத்துல சின்ன லிவர் ஒண்ணு இருக்கும். சுத்தியல் வச்சு மெல்லத் தட்டணும். பலமா அடிக்கப்பிடாது."

அவள் சாக்கை விரித்துச் சேற்றில் படுத்தாள். போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து அவருக்குக் காட்டினாள். இடப்பக்கம், இல்லை வலப்பக்கம், இன்னும் மேலே என்று அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஆட்கள் தள்ள, வண்டி முனகிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தது. மஸ்கட்டில் அவர் சிரித்தது அவளுக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

குளித்துவிட்டு வந்து போனை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு நிமிடம் பேசியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஒரு நிமிடம். அதற்கும் முந்தைய நாள் ஐம்பது விநாடி. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு அவர் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பாள். மழை உண்டா என்பார், உண்டு என்றோ இல்லை என்றோ சொல்வாள். பிறகு இருவரும் கொஞ்சம் சும்மா இருப்பார்கள். சரி என்று யாராவது ஒருவர் சொல்வதோடு முடியும். சண்டை ஒன்றும் கிடையாது. சொல்ல ஏதும் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஏழரைக்கு, சாப்பாட்டுக் கேள்வி முடிந்ததும் அவள் கேட்டாள்.

"அந்த வண்டிய நன்னாக்கினா என்ன?"

"நீயா?"

"எனக்க சம்பளத்துல, மாசம் ஒரு சாமான்னு வாங்கி. ஒரேயடியா வேண்டாம். என்ன செய்யணும்னு நீங்க சொன்னா போதும்."

அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர்தான் பேசினார். எஞ்சின் வெளியே விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், அதே தண்டில் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், அதுதான் டர்போ என்று சொன்னார். அமுக்கிய காற்று சூடாகிவிடும், அதை ஆற வைக்க முன்னால் இன்டர்கூலர் என்று ஒரு ஜல்லடைப் பெட்டி உண்டு என்றார். எலிசாள் கடை பில்லின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டாள்.

அடுத்த தெருவில் ஷிபு என்பவன் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக ஒர்க்‌ஷாப் நடத்தினான். வந்து பார்த்துவிட்டு டர்போவைக் கழற்றி எடுத்தான். தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். அது ஆடியது.

"முழுசா புதுசு வாங்கண்டா சேச்சி. வெளிக்கூடு நல்லா இருக்கு. உள்ள சுத்துத கார்ட்ரிட்ஜ் மாத்திரம் கோயம்புத்தூர்ல கிடைக்கும். நாலில் ஒண்ணு விலைதான் ஆகும்."

அப்படித்தான் தொடங்கியது. முதல் மாதம் பேட்டரியும் ஆயிலும். அடுத்த மாதம் டைமிங் பெல்ட். கடினமான வேலையை ஷிபு செய்தான். ஹோஸ், கிளிப், ஃபில்டர், வயர் எல்லாம் எலிசாளே செய்தாள். கண்ணாடிக் கடையில் கடுகு போன்ற திருகாணிகளோடு பழகிய விரல்களுக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அவர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு இருந்தது. ஷிபு அவளை அதில் சேர்த்துவிட்டான். எந்தப் பாகத்துக்குப் பதிலாக எந்த வண்டியின் பாகம் சேரும் என்று அங்கே எல்லாம் கிடைத்தது. பகலில் படித்ததை ஏழரைக்கு அவரிடம் சொல்வாள். அவர் ஸ்டோரில் தன்னோடு வேலை பார்க்கிற ரமோன் என்கிற பிலிப்பைன்ஸ்காரரிடம் விசாரித்து மறுநாள் பதில் கொண்டுவருவார்.

கார்ட்ரிட்ஜ் வந்து, மாட்டி, எஞ்சினும் ஓடியது. புகை இல்லை. ஆனால் இழுவையும் இல்லை. எங்கோ காற்று கசிகிறது என்றார் சத்தியதாஸ். அதைக் கண்டுபிடிக்க மெஷின் உண்டு, ஆனால் வாடகை அதிகம். பிளம்பிங் கடையில் ஒரு பிவிசி மூடி வாங்கு, நடுவில் துளை போட்டு டயர் வால்வைச் சொருகு, அதை டர்போவின் வாயில் இறுக்கிக் கட்டிவிட்டுக் கால் பம்ப்பால் காற்றடி என்று சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு எலிசாள் போர்ட்டிகோவில் இறங்கினாள். போனை வைப்பர் தண்டில் சாய்த்து வைத்தாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினாள். பம்ப்பை மிதித்தாள்.

"குமிழ் வருகா?" என்றார் அவர்.

"இல்ல."

"இன்னும் மிதி. கீழ பாரு, கீழ."

"இங்கயும் இல்ல... நில்லுங்க. நில்லுங்க. வருகு! இன்டர்கூலருக்க மூலையில, பிளாஸ்டிக் சேருத இடத்துல. நுரைச்சு நுரைச்சு வருகு!"

"காட்டு, காட்டு!"

போனைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். திரையில் அவருடைய முகத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. ஸ்டோரில் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். எலிசாள் நைட்டியில், தலையில் துண்டோடு, கன்னத்தில் கிரீஸோடு நின்றிருந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் போனை அணைக்கத் தோன்றவில்லை.

அந்த இன்டர்கூலர் புதிதாகக் கிடைக்காது. கரமனைப் பக்கம் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒரு ஆக்ரிக் கடையில், ஏதோ டீசல் வண்டியில் இருந்தது ஒன்றை ஷிபு கண்டுபிடித்தான். பழையதைவிட அகலம். பம்பருக்குப் பின்னால் நிற்காது, பிடிமானம் வேறு செய்ய வேண்டும் என்று அவள் சொன்னபோது சத்தியதாஸ் உற்சாகமாகிவிட்டார். "அவசரப்படண்டா. நானும் ரமோனும் யோசிச்சு சொல்லுகோம்."

ஆனால் ஷிபுவுக்கு ஒரு புதன்கிழமை வேலை இல்லாமல் இருந்தது. இரும்புப் பட்டையை வளைத்து, துளையிட்டு, மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டான். எலிசாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். ஷிபு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை அவள் கையில் கொடுத்தான்.

அவள் பைபாஸில் ஏறி விழிஞ்ஞம் பக்கமாகப் போனாள். லைசென்ஸ் எடுத்து வருடக்கணக்கானாலும் வீட்டில் வேறு கார் இருந்ததில்லை. முதல் பத்து நிமிடம் இடது ஓரத்தை விட்டு விலகவில்லை. பிறகு ரோடு காலியானது. மூன்றாவது கியரில் மெல்ல மிதித்தாள். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் முன்னால் எங்கோ மெல்லிய விசில் எழுந்தது. யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது. எலிசாளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கோவளம் தாண்டி ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஷிபு வளைத்த பட்டை அப்படியே நிற்கிறதா என்று பார்த்தாள்.

ஏழரைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். போன் அடித்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே திரையில் ஒரு காகிதம் தெரிந்தது.

"பாத்தியா? பம்பர வெட்டவே வேண்டாம். நாலு நாளா நானும் ரமோனும் உக்காந்து வரைஞ்சது. இந்த மூணு அளவு மட்டும் நீ எடுத்துத் தா. ஸ்கேல் போட்டு வரைஞ்சிருக்கு, பாரு."

சிவப்பிலும் நீலத்திலும் கோடு போட்டு, அம்புக்குறி இட்டு, அளவு எழுத வேண்டிய இடங்களில் சின்னக் கட்டம் போட்டிருந்தார். எலிசாள் அந்தக் கட்டங்களைப் பார்த்தாள்.

"மாட்டல்ல அல்லே?" என்றார் அவர்.

"இல்ல," என்றாள். "இன்னும் மாட்டல்ல."

ஒரு நாள் போகட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அவர் அந்த மூன்று அளவைக் கேட்டார். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஏற்கனவே மாட்டியிருந்ததை அளந்து சொன்னாள். அதற்கு அடுத்த நாள் அவர் வேறொன்று கேட்டார். ஒரு வாரம் போனபின் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஷிபு சபரிமலைக்குப் போயிருக்கிறான் என்றாள். ஹோஸ் வரவில்லை என்றாள். சொல்ல ஒன்றுமில்லாத நாட்களில் வாட்ஸப் குழுவில் பூனாவிலோ கோழிக்கோட்டிலோ யாருக்கோ வந்த கோளாறைத் தன் வண்டிக்கு வந்ததாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் மருந்து கொண்டுவந்தார். மூன்று மாதம் ஆகியும் வண்டி ஓடாததற்குக் காரணம் வேண்டியிருந்தபோது, கார்ட்ரிட்ஜ் மறுபடியும் ஆயில் கக்குகிறது என்று சொல்லிவிட்டாள். ரமோனிடம் ஒன்று விசாரிக்க வேண்டும் என்று அன்று அவர் சீக்கிரமே போனை வைத்தார்.

ஞாயிறு மத்தியானங்களில் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பூவார் வரை, ஒருமுறை நெய்யாற்றின்கரை வழியாகத் தமிழ்நாட்டு எல்லை வரை, ஒருமுறை பொன்முடிக்கே. இருபத்திரண்டு வளைவும் ஏறி மேலே பனியில் நின்றபோது, இந்த மலையில்தான் போன தடவை நின்றுபோனது, இப்போது ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் காலேஜ் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்; அவரிடம் சொல்ல முடியாது. டீ குடித்துவிட்டு இறங்கி வந்தாள். அன்று சாயங்காலம் அவர் கேட்டதற்கு, நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன் என்றாள்.

மே மாதம் சத்தியதாஸ் லீவில் வந்தார். வண்டி ஓடாது என்று சொல்லியிருந்ததால் எலிசாள் டாக்சி பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போனாள். திரும்பி வருகிற வழியில் சொல்லிவிட வேண்டும் என்று உறுதி செய்திருந்தாள். அவர் வெளியே வந்தபோது டிராலியில் வழக்கமான பெட்டிகளுக்கு மேல் மரச்சட்டம் அடித்த ஒரு கனத்த பெட்டி இருந்தது. அதை டாக்சி டிக்கியில் வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னதிது?"

"டர்போ. முழுசும். புதுசு. ஓவர்டைம் பாத்தேன், ரெண்டு மாசம். இனி அந்தக் கார்ட்ரிட்ஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவருடைய தலை போன தடவையைவிட நரைத்திருந்தது. எலிசாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீடு வரும்வரை கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

காலையில் அவள் எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் முன்னால் குந்தியிருந்தார். பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தார். பம்பரின் இடைவெளி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எலிசாள் காப்பி டம்ளரோடு போய் நின்றாள்.

"இன்டர்கூலர் மாட்டியிருக்கு," என்றார் திரும்பாமல்.

"ஆமா."

"அதுல பூச்சி ஒட்டியிருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். ஜல்லடையின் இதழ்களுக்கிடையே ஈசலும் தும்பியின் சிறகும் நசுங்கிக் காய்ந்து ஒட்டியிருந்தன. நிற்கிற வண்டியில் அப்படி ஒட்டாது.

"எப்ப இருந்து ஓடுகு?"

"டிசம்பர்ல இருந்து."

அவர் விரல்விட்டு எண்ணவில்லை. எழுந்து டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். எலிசாள் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"ரமோன் பேத்திக்கு படம் வரைஞ்சு குடுக்கணும்னு வச்சிருந்த கலர் பென்சில்," என்றார் அவர். "அத வச்சுத்தான் வரைஞ்சோம். ரூம்ல எல்லாரும் தினமும் கேப்பாங்க, வண்டி என்னாச்சு, வண்டி என்னாச்சுண்ணு. நானும் பெரிய ஆளா சொல்லிட்டு இருந்தேன். நீ இங்க ஓட்டிட்டுத் திரிஞ்சிருக்க."

"உங்கள கேலியாக்கணும்னு செய்யல்ல."

"பின்ன எதுக்கு?"

"வண்டி சரியாயிட்டுண்ணு சொல்லியிருந்தா, மறுநாள் என்கிட்ட என்ன கேட்டிருப்பீங்க?"

அவர் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அதற்கு மறுநாள் அவர் களியக்காவிளையில் தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்தார். போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. திரும்பி வந்தபோது கோபம் இல்லை, ஆனால் விருந்தாளியைப் போல நடந்துகொண்டார். டம்ளரை அவரே கழுவி வைத்தார். மரப்பெட்டியை ஷிபுவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, யாருக்காவது வேண்டுமானால் விற்றுத் தரச் சொன்னார். ஷிபு அன்று எலிசாளைப் பார்த்தபோது, "சேட்டன் ஒண்ணும் சொல்லல்ல சேச்சி," என்று மட்டும் சொன்னான்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தார்.

"ஓட்டிக் காட்டு," என்றார்.

"நீங்க ஓட்டுங்க."

"வேண்டாம். நீ ஓட்டு."

பாலராமபுரம் தாண்டிப் பூவார் ரோட்டில் போனார்கள். ஒரு நீளமான நேர் ரோடு வந்ததும் எலிசாள் மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தாள். விசில் எழுந்தது. வண்டி பாய்ந்ததும் அவர் கை தானாக டேஷ்போர்டைப் பிடித்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்து, பிறகு அவள் பார்ப்பது தெரிந்ததும் அடங்கியது.

"நல்லா ஓட்டுதியே," என்றார்.

தென்னந்தோப்புகளும் ஒரு மாதா கோவிலும் மீன் சந்தையும் கடந்தன.

"ஒரு காரியம் சொல்லட்டா?" என்றார் திடீரென்று. "வீட்டுக்கு வந்தா எனக்கு எங்க இரிக்கணும்னே தெரியல்ல. நீ ஒரு நாற்காலியில இருக்க. அடுத்ததுல துணி கிடக்கு. துணிய எடுத்து எங்க வைக்கணும்னு அறியாது. அதனால வெளிய வந்து நிப்பேன். ஒவ்வொரு லீவுக்கும் அப்படித்தான். வண்டி வாங்கினதே அதுக்காக்கும். வெளிய நிக்க ஒரு காரணம் வேணும்லா."

எதிரே பஸ் வந்தது, எலிசாள் கியரை மாற்றினாள். அந்த நாற்காலியில் துணி கிடக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் அவளுக்கு உறைத்தது. பல வருடமாக அங்கேதான் போட்டு வருகிறாள். பூவாரில் இறங்கிப் பொழிமுகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் இரண்டு பேருக்கும் இளநீர் வாங்கினார். அவளுக்குச் சளி பிடித்திருந்தது, சொல்லாமல் குடித்தாள்.

போகிற நாளில் அவளே ஓட்டிக்கொண்டு போய் ஏர்போர்ட்டில் விட்டாள். நிற்க விடமாட்டார்கள், நீ போ என்றார். பெட்டியை இறக்கிவிட்டு, பானெட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். அவள் தோளையும் தொட்டார். கண்ணாடிக் கதவுக்குள் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. எலிசாள் பின்னால் ஹாரன் அடிக்கிறவரை நின்றுவிட்டு வண்டியை எடுத்தாள்.

முதல் இரண்டு நாளும் ஏழரைக்குப் போன் வரவில்லை. சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் வந்திருந்தது. மூன்றாம் நாள் காலை கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடி நோக்கி நடக்கும்போது ஒரு குரல் செய்தி வந்தது. ஆறு நிமிடம். சத்தியதாஸ் அவளுக்குக் குரல் செய்தி அனுப்பியதே இல்லை. பூக்கடை ஓரமாக ஒதுங்கிப் போனைக் காதில் வைத்தாள்.

ரூமில் தனக்கு மேல் கட்டிலில் இப்போது புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், நேபாளம், உறக்கத்தில் பேசுகிறான் என்றார். ஏசி சொட்டுகிறது, கீழே பக்கெட் வைத்திருக்கிறோம் என்றார். ரமோன் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார், திரும்பி வரமாட்டார். மீன் குழம்பு வைத்தேன், புளி கூடிவிட்டது. அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினார். ஆனால் செய்தி முடியவில்லை. ஏசியின் இரைச்சலும், எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தமும், அவர் மூச்சு விடுவதும் கேட்டன. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு, "அவ்வளவுதான் எலிசா," என்றார்.

பேருந்துகள் உறுமிக்கொண்டு திரும்பின. அவள் சுவரோடு சுவராக நின்று, பதிலுக்குப் பேசப் பொத்தானை அமுக்கினாள். நான்கு விநாடி, ஐந்து விநாடி ஓடியது. ஒன்றும் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி அமுக்கினாள்.

"நேத்து இங்க நல்ல மழை," என்று தொடங்கினாள். "எனக்கு சளி. நீங்க இருக்கும்போதே இருந்து. சொல்லல்ல..."

கடை திறக்கிற நேரம் கடந்துவிட்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே மெல்ல நடந்தாள்.